வெரிபீயிலிருந்து மல்கிரேவுக்கு ஒரு மயிலோடு

என் மகள் நிலாவுக்கு எட்டு வயது. சொன்னதையெல்லாம் சரியாகச் செய்கிறாள், தானாக எதையும் தொடங்குவதில்லை என்று அவள் பள்ளி ஆசிரியை சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நகரின் மறுகோடியில் இருக்கும் மல்கிரேவில் ஈழத்துத் தமிழ் அன்ரி ஒருவர் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடத்துகிறார், பிள்ளைகள் அங்கே தங்கள் இஷ்டப்படி எதையாவது செய்யலாம் என்று கேள்விப்பட்டேன். எட்டே இடம். ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்துத்தான் சேர்ப்பாராம். இங்கே ஜூன் குளிர்காலம்; அந்தக் குளிரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

நாங்கள் இருக்கும் வெரிபீயில் காலை 8.10 ரயில். ஃப்ளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் க்ளென் வேவர்லி ரயிலுக்கு மாறி, அங்கிருந்து பேருந்து. வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டு மணி இருபது நிமிடம். கட்டணம் எனக்கு 7.60 டாலர், அவளுக்குப் பாதி. காரில் என்றால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வீட்டுக்காரருக்கு அன்று வேலை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் தினம் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவளை உட்காரவைத்து ஒரு மயில் வரையப் பழக்கினேன். முருகன் வாகனம், நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. தோகையில் பதினாறு கண். ஒன்று கோணினால் அழித்துவிட்டு மறுபடி. பத்தாவதோடு நின்றவள் நான். ஆங்கிலம், கணினி எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதித்தான் கற்றேன். கற்க வேறு வழி உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வகுப்பு நடக்கும் கூடத்தில் மேசை நிறைய அட்டைப்பெட்டி, நூல், பொத்தான். எதை வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார் அன்ரி. பக்கத்து மேசைச் சிறுமி ஜோடி தொலைந்த காலுறைகளுக்கு ஒரு வீடு கட்டினாள். நிலா ஒரு அட்டையைக் கிழித்து மயில் வரைந்தாள். பதினாறு கண், ஒன்றும் கோணவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அப்பா ஒருவர், "வீட்டுப்பாடம் முடிச்சிட்டே வந்திருக்கு போல" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அன்ரி அவளருகில் குனிந்து கேட்டார்: "வடிவாக் கீறியிருக்கிறீங்கள் பிள்ளை. இது ஆரின்ர மயில்?"

"அம்மாவோடது."

அவர் வேறு அட்டை கொடுத்து, இனி உங்களுக்கு விருப்பமானது என்றார். நிலா என்னைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் அந்த அட்டை வெறுமையாகவே கிடந்தது.

கிளம்பும்போது அன்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தமுறை இடம் குடுக்கேலாது தங்கச்சி. அடுத்த தவணை கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் ஒண்டும் பழக்காதேங்கோ."

திரும்பும் ரயிலில் வெளியே மழை, ஜன்னல் முழுக்க ஆவி. கண்மூடிக் கந்தனை நினைத்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் ஏதோ அசைவை உணர்ந்து கண் திறந்தேன். நிலா கண்ணாடியில் விரலால் என்னவோ வரைந்துகொண்டிருந்தாள். பல கால்கள், ஒரு குடை, அவ்வளவுதான் பார்த்தேன். நான் பார்ப்பது தெரிந்ததும் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். என்ன வரைந்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

போகிறவர்களுக்கு: பேருந்து சனிக்கிழமையில் அரைமணிக்கு ஒன்றுதான், முன்னதாகப் போய் நில்லுங்கள். பக்கத்தில் கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் எதையும் பழக்கிக் கூட்டிப் போகாதீர்கள். திரும்பும்போது பிள்ளையை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள்.