சோத்தாங்கை விழுந்த வீடு

வேலுத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் அப்பன் பெத்தணனிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெத்தணன் காரியாபட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற ஆள். கூடப் பிறந்தது ஒரே அக்கா. அந்த அக்காவை நாரணாபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு மூத்தது பாண்டிச்செல்வி, இளையது சங்கையா. மழை பொய்த்துக் காடு காய்ந்த ஒரு வருஷம், பட்டாசு செய்கிற வெடியாபீஸ் இருக்கிற ஊரில் பிள்ளை பட்டினி கிடக்காது என்று கணக்குப் போட்டு, பெத்தணன் தன் மகளை அக்கா மகனுக்கே கொடுத்துவிட்டான்.

கணக்குத் தப்பவில்லை. வந்த மறுமாதமே வேலுத்தாய் ஆபீஸ் வேனில் ஏறினாள். சங்கையா அதே கம்பெனியில் லோடுமேன். பெண்கள் வெடியைச் சுற்றிப் பெட்டியில் அடைப்பார்கள், அவன் அந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவான். ஒரே மகள் ரோஜாவைத் தூரத்து ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். மேடு பள்ளம் இல்லாமல் வண்டி ஓடியது.

சங்கையாவுக்குச் சொந்தபந்தத்தில் ஒரு பேர் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் சோற்று வாளி அவன் கையில்தான். எந்த இலைக்கு என்ன குறை என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லுவான். பீச்சாங்கையால் இலையைத் தொட்டவன் எவனாக இருந்தாலும் ஒரு அதட்டில் எழுப்பிவிடுவான். சம்பந்தி வீட்டு ஆள் ஒருவனையே அப்படி எழுப்பி, அந்தச் சண்டை ஓய ஒரு வருஷம் ஆனது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் மாசியில், லாரிமேல் நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். கையையும் காலையும் இனி வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். பாண்டிச்செல்வி புறா ரத்தம் கொண்டுவந்து தம்பிக்குத் தேய்த்தாள். யாரோ சொன்ன தைலம், யாரோ சொன்ன பச்சிலை, எல்லாம் நடந்தது. பேச்சு குழறலாக வந்தது. கால் லேசாக அசைந்தது. சோத்தாங்கை மட்டும் செத்த கோழியாகத் தொங்கியது.

வேலுத்தாய் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, துணி அலசுவது எல்லாம் அவள்தான். மூன்று வேளையும் சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் வாயில் கொடுத்தாள். பார்க்க வந்த சொந்தமெல்லாம் அதைப் பார்த்துக் கண் கலங்கியது. மாமன் மகள் அல்லவா, வேறொருத்தி செய்வாளா என்றது. கேட்கக் கேட்க வாசல் கதவுக்கு ஒவ்வொரு தாழ்ப்பாளாகப் போடுவது போல இருந்தது வேலுத்தாய்க்கு. காலையில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டும்போது அடுப்படியில் நின்றபடியே கேட்பாள். அதில் போகிறவர்களின் பேச்சுச் சத்தம் தேய்ந்து மறைகிறவரைக்கும் அவள் கை ஒரு வேலையும் செய்யாது.

இந்த நிலையில்தான் ஞானஜோதி வந்தாள். விருதுநகர்க்காரி, நர்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே மதுரையில் மேல்படிப்புப் படித்தாள். அந்தப் படிப்புக்கு ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். வாதம் வந்து வீட்டோடு கிடக்கிறவர்களுக்கு வீட்டு ஆட்களே பயிற்சி கொடுத்தால் எம்புட்டுத் தூரம் தேறுகிறார்கள் என்று பார்க்கிற ஆராய்ச்சி. தானே உட்காருகிறாரா, தானே சாப்பிடுகிறாரா, தானே வெளிக்குப் போகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி, "ஏந்தாயி, எங்க தம்பிக்கு இந்த வயசுல பரீட்சை வைக்கீகளாக்கும்? சின்ன வயசுலயே அவன் பாஸாகலயே" என்றாள். சங்கையாவுக்கே வாய் கோணிச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக ஞானஜோதி வேலுத்தாயிடம், உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டாள். எதிரே புருஷன் கிடக்கிறான், பக்கத்தில் நாத்தனார். கட்டினவனுக்குச் செய்வதில் என்ன கஷ்டம் என்று வேலுத்தாய் சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்?

ஞானஜோதி வாராவாரம் வந்தாள். எப்படிப் பிடித்து உட்கார வைப்பது, விழுந்த கையை எப்படி நீட்டி மடக்குவது, எந்தக் காலை முதலில் ஊன்றச் சொல்வது என்று பழக்கிக் கொடுத்தாள். வேலுத்தாய் விடாமல் செய்தாள். ஆனி பிறந்தபோது சங்கையா தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கக்கூஸ் வரைக்கும் போய் வந்தான். பாக்கி ஒன்றே ஒன்றுதான், சோறு. காலையும் இரவும் அவள் ஊட்டிவிடலாம். அவள் வேலைக்குப் போனால் மத்தியானத்துக்கு என்ன செய்வது? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தின்கிற உடம்பு, ஒரு வேளை தாண்டினால் கிறுகிறுத்துவிடும்.

ஒருநாள் ஞானஜோதியை பஸ் ஏற்றிவிடக் கூடவே போனாள் வேலுத்தாய். ஸ்டாப்பில் ஆள் இல்லை.

"சிஸ்டர், அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். எனக்கு மூச்சு முட்டுது. நான் வேலைக்குப் போகணும். மத்தியானச் சோத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

ஞானஜோதி யோசிக்கவே இல்லை. "அண்ணனுக்கு இடது கை நல்லாத்தானக்கா இருக்கு. அந்தக் கையில சாப்பிடட்டும். நீங்க ஊட்டிக்கிட்டே இருந்தா அவரு உடம்பு எதையும் கத்துக்காது."

கழுவுகிற கையில் சோறா என்று கேட்க வேலுத்தாய்க்கு வாய் வரைக்கும் வந்தது. இவளை மாதிரி ஏசுசாமி கும்பிடுகிறவர்கள் வீட்டிலும் அந்தக் கைக்கு அந்த வேலைதானே என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

சங்கையாவிடம் சொன்னபோது அவன் முகம் செத்துப்போனது. "எத்தன பேரப் பந்தியில எழுப்பிவிட்டவன் நான். இந்தக் கையில தொட்டா அது சோறா புள்ள?" என்றான். அடுத்த வாரம் ஞானஜோதி ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தாள். கரண்டி பிடித்தால் பீச்சாங்கை சோத்தாங்கை ஆகிவிடுமா என்று கேட்டு அதையும் ஒதுக்கிவிட்டான்.

ஆடிக் கடைசியில் போர்மேன் பாலகுரு பைக்கில் வந்தான். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஆவணி முதல் தேதி வராவிட்டால் வேலுத்தாய் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனான். வேலுத்தாய் உள்ளே வந்து அரிசி களைந்தாள். உள்ளே கிடந்தவன் காதிலும் அது விழுந்திருந்தது. சோறு வெந்து, தட்டில் போட்டு, ஊட்ட உட்கார்ந்தபோது அவனே சொன்னான்.

"கதவச் சாத்து. தட்ட இங்கிட்டு வை. நீயும் வெளிய போயிரு."

வெளியே கதவில் சாய்ந்து நின்றாள். உள்ளே தட்டு உருண்டது, பிறகு கரகரவென்று தரையில் இழுபட்டது, பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. உள்ளே போனபோது பாதிச் சோறு பாயில் கிடந்தது. மீதியைச் சாப்பிட்டிருந்தான்.

அன்றிலிருந்து மத்தியானமானால் கதவு சாத்தப்பட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. வெயிலில் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் தூங்குகிறார் தூங்குகிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள் வேலுத்தாய். உள்ளே அடைந்து கிடந்தவளை வெளியே கொண்டுவந்து முளையடித்துக் கட்டியது போல ஆயிற்று. காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் வேலைக்கு எப்படிப் போவது?

அதற்கும் அவனே வழி சொன்னான். "வெளியில பூட்டிட்டுப் போ. பூட்டின வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாக."

ஆளை உள்ளே வைத்துப் பூட்டுவதா என்று அவள் மறுத்தாள், அழுதாள். ஆவணி முதல் தேதி காலையில் ஹாரன் கேட்டபோது பூட்டினாள்.

அங்கே போனால் வேறொரு சிக்கல். வெடிமருந்து இருக்கிற அறைக்குள், பொறி தட்டிவிடும் என்று, இரும்புச் சாமான் ஆகாது. பாலகுரு சாவியை வாங்கி, கம்பெனி வாசல் காவல் ரூமில் ஆணியில் மாட்டிவிட்டான். கூட உட்கார்ந்து திரி செருகுகிறவர்களுக்கு விஷயம் எட்டியதும், "வேலு புருஷன ஆணியில மாட்டிட்டு வந்துட்டா" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். தூரத்தில் எங்காவது டமார் என்றால் மற்றவர்கள் எந்தக் கம்பெனி என்று பார்ப்பார்கள், அவளுக்கு அந்த ஆணிதான் கண்ணில் நிற்கும்.

அந்த வாரம் ஞானஜோதி வந்து பூட்டைப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருமல் சத்தம் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டில் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து வேலுத்தாயைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னீகளே அக்கா, இப்ப அவருக்கு? தவறி விழுந்தா யாரு திறப்பா? ஒரு சத்தம் கேட்டா ஊரே எந்திரிச்சு ஓடுற ஊரு இது. அவரு எங்கிட்டு ஓடுவாரு?"

அதற்குப் பிறகு வேலுத்தாய் பூட்டை மாட்டினாளே தவிர அழுத்தவில்லை. பார்க்கிறவர்களுக்குப் பூட்டு, இழுத்தால் திறந்துகொள்ளும். எதிர்வீட்டுக்காரிக்கும் ஞானஜோதிக்கும் மட்டும் அது தெரியும். சங்கையாவுக்குத் தெரியாது. ஞானஜோதியின் ஆராய்ச்சியும் அந்த மாசத்தோடு முடிந்தது. கடைசியாக வந்தபோது, தானே சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு போனாள். எழுதினது பொய் இல்லை.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் பாண்டிச்செல்வி கருவாட்டுக் குழம்போடு வந்தாள். பூட்டைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. பிடித்து இழுத்தாள், திறந்துகொண்டது. உள்ளே தம்பி பீச்சாங்கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தான். தாடையெல்லாம் பருக்கை. அவள் தட்டை வாங்கி, கை கழுவி உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான்.

சாயங்காலம் வேலுத்தாய் வரும்வரை அவள் எழுந்து போகவில்லை. "எங்காத்தா ஊட்டி வளத்த பிள்ளைய இப்படிக் கோழி கிளறுற மாதிரித் திங்க வச்சிட்டியே, வேலு. மாமன் மக செய்யிற வேலையா இது?"

"அப்ப மத்தியானம் நீங்க வந்து ஊட்டுங்க, மதினி."

"வாரேன். எந்தம்பிக்கு நான் வரமாட்டேனாக்கும்?"

வந்தாள், அதையும் சொல்ல வேண்டும். தான் வாழ்க்கைப்பட்ட திருத்தங்கலிலிருந்து பஸ் பிடித்துச் சில நாள் வந்தாள். ஊட்டினாள். சங்கையாவும் தட்டைத் தொடுவதை விட்டுவிட்டான். பிறகு அவள் மருமகளுக்குப் பேறுகாலம் வந்தது. தகவல் சொல்லி அனுப்ப அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று வேலுத்தாய் வந்து கதவைத் திறந்தபோது, அவள் மூடி வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது. சங்கையா வேர்த்து, கண் செருகிக் கிடந்தான். அக்கா வருவாள் என்று காத்தே கிடந்திருக்கிறான். சீனியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். கொஞ்சம் தெளிந்தான். சூடாகச் சோறு வடித்துக் கொண்டுவந்தாள். சுவரில் சாய்ந்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் சோற்றைப் பிசையத்தான் கையைக் கொண்டுபோனாள். இப்போது ஊட்டினால் நாளை மத்தியானமும் இந்த வாய் இப்படித்தான் திறந்திருக்கும். கையை எடுத்துக்கொண்டாள். தட்டை அவன் இடப்பக்கம் நகர்த்தினாள். எழுந்து போய் வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். வேலை விட்ட நேரம், வேனிலிருந்து இறங்கிய சனம் தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"கதவச் சாத்து புள்ள."

"சாத்த மாட்டேன் மச்சான். பாக்குறவுக பாக்கட்டும்."

அவன் அவளைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். தெருவில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவரவர் வீட்டு உலை அவரவருக்கு. வெகுநேரம் கழித்து, தட்டை இழுத்துக்கொண்டு, முடியாத உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பினான். அப்படியே சாப்பிட்டான்.

மறுநாள் அவள் வேனில் ஏறினாள். அதன்பிறகு நல்லநாளில்கூட அவன் அவள் கையில் வாங்கித் தின்னவில்லை, அவளைப் பார்த்து உட்கார்ந்தும் தின்னவில்லை. அவள் சோற்றைப் போட்டு வைப்பாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். பின்னால் உட்கார்ந்து, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவளும் தன் தட்டில் சாப்பிடுவாள்.