என் சீஸ்கேக்குக்குத் தொட்டுக்கொள்ள வந்தது

நடுவில் ஒரு விரிசல்கூட இல்லை! என் முதல் சீஸ்கேக்!

இன்று கணவருக்குப் பிறந்தநாள். சர்க்கரை வந்ததிலிருந்து மனிதர் பேக்கரிப் பக்கமே திரும்புவதில்லை. அதனால் அடியில் பிஸ்கட்டுக்குப் பதில் நெய்யில் வறுத்த கேழ்வரகு மாவு, மேலே தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், பேருக்குக் கொஞ்சம் வெல்லம்.

ஜன்னலில் மாட்டினால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் என்று, காலையில் தயிர் மூட்டையைச் சமையலறைக் குழாயில் கட்டியிருந்தேன். புளி கேட்டு வந்த எதிர்வீட்டுச் செல்வி அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா கவிதா, பைப்புல மூட்டை தொங்குது?"

"தயிருக்கா. அவருக்குப் பொறந்தநாளு. கேவுருல ஒண்ணு செய்யப் போறேன்."

"செய்யி, செய்யி. வெயிலுக்கு நல்லது."

சாயங்காலம் கணவர் கேக்கை வெட்டக் கத்தியை எடுத்த நேரம், செல்வி அக்கா கதவைத் தட்டினார். கையில் சுடச்சுட வறுத்த நெத்திலிக் கருவாடு.

"கூழு எங்கடி?"

"கூழா?"

"கேவுரு, தயிருன்னு நீதான சொன்ன? கருவாடு இல்லாம எப்டி எறங்கும்னு வறுத்துகினு வந்தேன்!"

ஒரு துண்டு கேக் கொடுத்தேன். கண்ணை மூடித் தின்றார். "இனிப்பு கம்மிதான். ஆனா சோக்கா கீது!"

அதற்குள் கணவர் ஒரு வாய் கேக், ஒரு கடி கருவாடு என்று பாதித் தட்டைக் காலி செய்திருந்தார். இவ்வளவு நல்ல பிறந்தநாள் வந்ததே இல்லையாம்.

சர்க்கரை ஏறாமல் நான் பார்த்துக்கொண்டேன். கருவாட்டு உப்பில் பிரஷர் ஏறினால் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் செல்வி அக்காவிடமே சொல்லிவிட்டேன். சரிதானே?