பன்னிரண்டு மணிச் சங்கு

முதலில் அது காதுக்குத் தெரியாது. நெஞ்சுக்குழியில் ஒரு அதிர்வாகத்தான் தொடங்கும், பிறகு மெல்ல ஏறி, தெருவையே நிரப்பி, இறங்கும்போது நாய்களையும் ஊளையிட வைத்துவிட்டு அடங்கும். ஆம்பூரை ஒட்டிய எங்கள் பகுதியில், தோல் தொழிற்சாலை வேலை நேரத்துக்கு ஊதும் அந்தச் சத்தத்துக்குச் "சங்கு" என்று பெயர். காலையில் ஊதினால் அப்பா வேலைக்குக் கிளம்புவார், பன்னிரண்டுக்கு ஊதினால் சோற்றுக்கு வருவார், ஒரு மணிக்கு ஊதினால் திரும்பிப் போவார். வீட்டில் கடிகாரம் இல்லை. இருந்திருந்தாலும் அதை யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

எங்கள் ஆரம்பப் பள்ளி அந்தத் தொழிற்சாலை மதிலை ஒட்டியே இருந்தது. எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர். பள்ளிக்கென்று தனியாக மணி கிடையாது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் டீச்சர் புத்தகத்தை மூடுவார், நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம், சாப்பிட்டுவிட்டு அடுத்த சங்குக்குத் திரும்புவோம். ஐந்தாவது முடிக்கும் வரை பள்ளிக்கூடம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆறாவதுக்கு டவுனில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு, எங்கள் வாயில் "ஐஸ்கூல்", போக வேண்டும். அந்தக் கோடை விடுமுறை முழுக்க வீட்டில் என்னைத் தயார் செய்தார்கள். அம்மா, "வளர்ற புள்ள" என்று சொல்லிச் சொல்லியே சட்டையைத் தோள் தொங்கும் அளவுக்குத் தைக்கக் கொடுத்தார். அப்பா வேலையில் கழித்துப் போட்ட தோல்துண்டு கேட்டு வாங்கிவந்து செருப்பு தைத்துக் கொடுத்தார். அது காலைக் கடிக்காமலிருக்க ராத்திரியில் விளக்கெண்ணெய் தடவி வைத்தார். புத்திமதிக்கும் குறைவில்லை. "சார் எதுர்ல கை கட்டி நில்லு", "யார் பென்சிலையும் தொடாத", "வம்பு இழுக்கறவங்க கிட்ட தோஸ்து வெச்சிக்காத" என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்குள் ஒரு நாள் எப்படி நகரும் என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை. இருவருமே அதன் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

முதல் நாள் அப்பா என்னை வாசலில் விட்டுவிட்டு அவசரமாக வேலைக்குப் போய்விட்டார். உள்ளே மணி அடித்தது, ஒரு சார் போனார். மறுபடி அடித்தது, இன்னொருவர் வந்தார். எதற்கு அடிக்கிறார்கள் என்று புரியாமல், பக்கத்தில் இருந்தவனைக் கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் தூரத்துச் சத்தம் ஒன்றில் நெஞ்சுக்குழி அதிர்ந்தது. எங்கள் சங்கு. தெரிந்த ஒரே சத்தம் அது. சார் பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்து வீட்டைப் பார்த்து நடந்தேன்.

வழியில் அப்பா சோற்றுக்கு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "இன்னாடா, ஐஸ்கூலுக்கும் நம்ம சங்குதானா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இருவரும் பேசிக்கொண்டே போய், அம்மா வைத்திருந்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிச் சங்குக்குச் சேர்ந்தே கிளம்பினோம்.

திரும்பிப் போனதும் சார் எழுப்பி நிறுத்தினார். "யாருடா உன்ன வீட்டுக்கு அனுப்பிச்சது?"

"சங்கு ஊதிச்சு சார். அப்பாவும் ரோட்ல வந்தாரு."

சாரே சிரித்துவிட்டார். வகுப்பு அதன்பிறகு அடங்கவில்லை. ஒரு நாள் சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஆனால் சங்கு தினமும் ஊதுமே. பன்னிரண்டு ஆனதும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். "டேய் சங்கு, கெளம்பலையா? உங்க அப்பா ரோட்ல நிக்கறாரு பாரு" என்பார்கள். பன்னிரண்டு நெருங்க நெருங்க எனக்குப் பலகையில் இருப்பது எதுவும் தெரியாது. அந்த மழைக்காலம் தொடங்குவதற்குள் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அப்பா கேட்டார், அடிக்கவும் அடித்தார். அவரும் சந்தோஷப்பட்ட விஷயமாயிற்றே, எப்படிச் சொல்வேன்? "படிப்பு ஏறல, வுட்டுடு" என்று கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். தோல் காயவைக்கும் வேலைக்குப் போனேன், பிறகு ஷூ கம்பெனிக்கு.

இந்த வருடம் என் மகள் ரித்திகா ஆறாவது போகிறாள். பேச்சில் என்னைப் போலவே கம்மி. பள்ளி திறக்கும் முன் பெற்றோர்களைப் பிள்ளைகளோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனோம். மற்றவர்கள் பஸ், யூனிபார்ம், பை என்று கேட்டார்கள். எல்லாம் கேட்டு முடிந்த பிறகும் நான் நாற்காலியின் கையைப் பிடித்தபடியே இருந்தேன். கூட்டத்தில் எழுந்து பேசியது என் வாழ்நாளில் கிடையாது. கூட்டம் கலையப் போகிறது என்று தெரிந்ததும் எழுந்துவிட்டேன்.

"மேடம், இங்க மணி எதுக்கு எதுக்கு அடிப்பீங்கன்னு புள்ளைங்களுக்குக் காட்டினா நல்லாருக்கும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளைகளை வராந்தாவுக்கு அழைத்துப் போய், வகுப்பு மாறும் மணி, இன்டர்வெல் மணி, சாப்பாட்டு மணி, வீட்டுக்கு விடும் மணி என்று ஒவ்வொன்றாக அடிக்கவைத்தார். தண்ணீர்க் குழாயையும் கழிவறையையும்கூடக் காட்டினார். திரும்பும்போது பஸ்ஸில் ரித்திகா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். "இன்னாப்பா நீ, அதப் போயி எல்லார் எதுர்லயும் கேக்கற, எனக்கு வெக்கமா பூடுச்சி" என்றாள்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. மதிலை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். மற்ற கம்பெனிகளில் விரல் வைத்து உள்ளே போகிறோம், செல்போன் பார்த்துச் சாப்பிடப் போகிறோம். பன்னிரண்டுக்கு ஊரில் எதுவும் ஊதுவதில்லை. இருந்தும் பள்ளி திறந்த அன்று, மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நேரத்தில் கை நின்றது.

சாயங்காலம் அவள் வந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இன்டர்வெல் மணி அடிச்சதும், அன்னிக்கி கூட்டத்துக்கு வராத ஒரு பையன் பையத் தூக்கினு எழுந்துட்டாம்பா. வீட்டுக்கு வுட்டுட்டாங்கன்னு நெனச்சிட்டான். நான்தான், இது இன்டர்வெல்லுடா, பைய வைன்னு சொன்னேன்."

"யாராச்சும் சிரிச்சாங்களா?"

"சிரிக்கறதுக்குள்ள உக்காந்துட்டாம்பா."