மஞ்சள் போட்டு மீன் தின்ற கழுகு

இருபத்தைந்து வருடமாக நான் பத்திரமாக வைத்திருந்த பெருமை ஒன்று போன ஞாயிற்றுக்கிழமை காலி. காலி செய்தது யோகா.

யோகேஸ்வரி என் கல்லூரித் தோழி. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். இப்போது எங்கள் ஊரிலேயே லம்பா லைன் பகுதியில் வீடு. அவள் மகள் நிலா விலங்கியல் இரண்டாம் ஆண்டு. இந்த லீவில் கழுகு, பருந்து பற்றிய ஆராய்ச்சிப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அன்று அவர்கள் வீட்டில் சும்மா இருந்த என்னை அவளே கிளப்பிவிட்டாள்...

“ஆன்ட்டி, நீங்களும் அம்மாவும் இதே ட்ரெய்னிங்தான் போனீங்களாமே?”

கேட்கணுமா? முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். கடல் கழுகுக் குஞ்சு முதன்முதலாகப் பறந்த கதை. கிளை நுனிக்கு வந்தது, இரண்டு முறை சிறகடித்தது, கால் வழுக்கியது, விழப்போகிறது என்று நினைக்கும்போதே காற்றைப் பிடித்து நேராகக் கடல் பக்கம் – கையை விரித்து நடித்தே காட்டினேன். இந்தப் பத்தியிலும் அதை ஒருமுறை எழுதியிருக்கிறேன். போன் போட்டு அழுத வாசகிகூட உண்டு.

மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த யோகா கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏ புள்ள, போதும் நிறுத்து. அத நான் பாக்கவே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. கொஞ்சம் பின்னால் போவோம்.

அப்போது எங்கள் தீவுக்காரர்களுக்கு லீவு என்றால் கப்பலேறி மெயின்லேண்ட். நாங்கள் இருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் கேட்டாலும் ஷிப் டிக்கெட் பேச்சுதான். அந்த வருடம் எங்கள் வீட்டில் நான் மட்டும் கழுகுப் பயிற்சிக்காகக் காட்டுத் தீவான பாராடாங் போனேன். அப்பா ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சதுப்புக்காட்டு ஓரம் பெரிய மரம், உச்சியில் கட்டில் அகலத்துக்கு ஒரு கூடு, உள்ளே ஒற்றைக் குஞ்சு. அதற்குக் காவல் நானும் யோகாவும். ஒருத்தி டெலஸ்கோப்பில் கண் வைக்க வேண்டும். இன்னொருத்தி மரத்தடியில் விழுந்து கிடக்கும் முள், எலும்பு, நண்டு ஓடு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். கழுகு என்ன தின்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மழை வந்தால் குடை டெலஸ்கோப்புக்கு. நாங்கள் நனையலாம், பரவாயில்லை.

என்ன சுகமான நாட்கள்! சேறு நாறும், கொசு பிடுங்கும், கழுத்து வலிக்கும். இப்போது கொடுத்தாலும் ஓடிப் போய் வாங்கிக்கொள்வேன்.

குஞ்சு மட்டும் பறக்கிற வழியாக இல்லை. கிளையில் நின்று இறக்கையை அடி அடியென்று அடிக்கும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அது மெதுவாகத் திரும்பி, கூட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். “பக்கா சோம்பேறி இது, புள்ள” என்பாள் யோகா. நான் ஊருக்குப் போவதற்குள் அது பறப்பதைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கோடையில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஆனால் மாமா மகள் கல்யாணம். ஷிப்பை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஷிப் தள்ளிப்போனால் தீவே திட்டும், தெரியும் இல்லையா? தள்ளிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் நான்தான். தள்ளியும் போனது! அப்பா ஷிப்பிங் ஆபீஸைத் திட்டித் தீர்த்தார். எனக்கு மரத்தடியில் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தது.

அதிலும் பறக்கவில்லை.

கடைசி நாள் மதியம், படகு ஜெட்டி ஹோட்டலில் வாங்கிய மீன் குழம்புச் சோற்றை மரத்தடியிலேயே பிரித்தோம். டெலஸ்கோப்பை விட்டு நகர மனசு வரவில்லை. தலை மேலே, வாய் சோற்றில், முள் எங்கே விழுகிறது என்று யார் பார்த்தது? சாப்பிட்டதும் மூன்று மணி கான்வாய். காட்டுச் சாலையில் வண்டிகள் எல்லாம் ஒன்றாகத்தான் போக வேண்டும், விட்டால் மறுநாள்தான். ஜீப்பின் பின் கண்ணாடி வழியாக மரத்தைப் பார்த்து அழுதுகொண்டே போனேன். நான் ஏறிய ஷிப் சென்னை போய்ச் சேரும்வரை அந்த அழுகை ஓயவில்லை.

திருச்சி மாமா வீட்டுக்கு யோகா போன் செய்தாள். பறந்துவிட்டது என்றாள். எப்படிப் பறந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கல்யாண வீட்டு நடுக்கூடத்தில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். அந்த வர்ணனையைத்தான் இத்தனை வருடமாக ஊர் ஊராக ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

“அப்ப அன்னிக்கு என்னதான்டி நடந்துச்சு?” என்றேன்.

“நீ போன அன்னிக்கு சாயங்காலம் பொறுக்குனத எல்லாம் பேப்பர்ல கொட்டி மேடம் பாத்தாங்க. முள்ளெல்லாம் மஞ்ச மஞ்சேன்னு இருக்கு...”

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்த மாட்டார். “ஏங்கண்ணு, உங்க கழுகு மஞ்சத்தூள் போட்டுத்தான் மீன் திங்குதா?” என்று மட்டும் கேட்டாராம். யோகாவுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் தனியாளாக மரத்தடிக்குப் போய், எங்கள் முள் வேறு, கழுகின் முள் வேறு என்று பிரித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள்.

“மேல ஒரு சத்தம். நிமிந்து பாக்குறேன், கூட்டுல ஒண்ணுமில்ல. தாய்க்கழுகு மட்டும் கிளையில நிக்குது. ரெக்கார்டுல ‘பறந்ததைப் பார்க்கவில்லை’ன்னுதான் எழுதுனேன். அதுல பொய் எழுதக்கூடாது பாரு.”

“என்கிட்ட மட்டும் சொல்லலாமாக்கும்?”

“போன எடுத்ததும் மொத கேள்வியே ‘பறந்துச்சா, பாத்தியா’ன்னு கேட்ட. குரலே சரியில்ல. பாக்கலன்னு எப்படிச் சொல்ல? நான் பாக்க ஆசப்பட்ட மாதிரியே சொல்லிட்டேன்.” கத்தியை எடுத்தாள். “இன்னொண்ணு... நான் பொறுக்குனதுல பாதிக்கு மேல உன் முள்ளுதான், புள்ள.”

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததாகச் சொன்ன பொய்யை யாரிடமும் உடைக்காமல், நான் நடித்துக் காட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ‘ஆமா ஆமா’ என்று தலையாட்டியவள். இப்படி ஒரு பொய் சொல்ல எத்தனை பேருக்கு ஆள் இருக்கிறது? கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். வெங்காயம் அப்போது இன்னும் உரிக்கவே இல்லை.

நிலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அரே, ரெண்டு பேருமே பாக்கலையா? சரி, பாராடாங்ல எங்க டீம் பாக்குற கூட்டுல ஒரு குஞ்சு ரெடியா இருக்கு. தூரத்துல நின்னு பாக்கலாம்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்க. வர்றீங்களா?”

யோகாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஞாயிறு, முதல் கான்வாயில் பாராடாங். அது பறக்கிறவரை தலையைக் குனிவதாக இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குத் தயிர் சாதம்தான்!