நல்ல அப்பன் வருகிற படம்

ஆவாரம்பட்டை வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் "ஷாப்"பில் வேலை முடித்து, குளித்துவிட்டு வந்தாலும் அத்தாவின், எங்கள் அப்பாவின், மேலிருந்து அது போகாது. அந்த வாடையோடுதான் என்னையும் அக்கா ஜரினாவையும் பழைய படம் ஓடும் "கொட்டகை"க்கு அழைத்துப் போவார். எங்கள் வீட்டில் காதலைப் பற்றிப் பேசக்கூடாது. சினிமாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதனால், தன் பள்ளியில் கூட வேலை பார்த்த கிறிஸ்தவ வாத்தியாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அக்கா அம்மாவிடம் சொன்னது அத்தாவின் காதுக்கு எட்டிய பிறகும், அத்தாவும் அக்காவும் பேசியதெல்லாம் சினிமாதான்.

அந்தச் சமயம் கொட்டகையில் ஓடியது, சேர முடியாமல் செத்துப்போகும் இருவரின் கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்பு வெள்ளையில் வந்த அந்தப் படத்தில் பெண்ணின் தகப்பன் அவளைச் சாட்டையால் அடிப்பான். "பெத்த புள்ளைய இம்புட்டு அடி அடிக்கிறானே, பாவி" என்று அத்தா கொட்டகையிலேயே திட்டினார். நம் அத்தா அப்படிப்பட்டவர் இல்லையே என்று அக்காவுக்கு அன்று நம்பிக்கை வந்துவிட்டது.

சில மாதம் கழித்து, வாடகைக்கு எடுத்த வீடியோ "டெக்"கில் அதே கதையைக் கலரில் பார்த்தோம். இதில் தகப்பன் கையே ஓங்கமாட்டான். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, என்னை விட்டுப் போய்விடாதே என்று அழுவான், அவளும் போகமாட்டாள். அடிக்கிறவனை விட்டு ஓடிவிடலாம், அழுகிறவனை என்ன செய்வது? மறுநாள் காலையில் அத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, அந்தப் படத்துல வாற அப்பன் நல்லவன்தான?" என்று கேட்டார். "நல்லவருதான் அத்தா" என்றேன். எனக்குப் பத்து வயது. அந்த வாரமே வடமதுரையில் மளிகைக் கடை வைத்திருந்தவருக்கு அக்காவைப் பேசி முடித்தார்கள். அக்கா மறுபேச்சுப் பேசவில்லை.

இன்று அத்தா இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. போன மாதம் அக்கா வீட்டில் அதே கதையின் புதுப்படத்தைப் போனில் பார்த்தோம். அதில் தகப்பனே கிடையாது. காதலர்கள் தாங்களாகவே சண்டை போட்டுப் பிரிந்து, தாங்களாகவே சாகிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. அத்தாவுக்கு நான் அன்று சொன்ன பதிலால்தான் உன் வாழ்க்கை இப்படி ஆனது என்று, இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை அவளிடம் சொல்லி அழுதேன்.

அக்கா போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கிட்டயும்தான் கேட்டாரு புள்ள. நானும் அதையேதான் சொன்னேன்" என்றாள்.