வெள்ளை கவுனில் ஒரு பொட்டு மஞ்சள்

மரத்தைக் கூழாக்கி, அந்தக் கூழை நூலாக்கி நெய்த துணி என்று திவ்யதர்ஷினி சொன்னபோது கமலவேணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. செலண்டார் ரப்பர்க் காட்டில் பிறந்து வளர்ந்தவளிடம் மரத்தைக் கொண்டுவந்து உடுப்பு தைக்கச் சொன்னால் வேறென்ன வரும்? பாலியஸ்டர் மண்ணில் மக்காது, இது மக்கிவிடும் என்று அந்தப் பெண் விளக்கிக்கொண்டே போனாள். துணியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கமலவேணி வாயை மூடினாள். அவ்வளவு வழவழப்பு.

வெள்ளை கவுன்; சனிக்கிழமை காலை திருமணப் பதிவுக்கு. திவ்யாவின் அம்மா ஜானகி காலமெல்லாம் கமலவேணியிடமே ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவர், போன வருடம் தவறிவிட்டார். திவ்யா இருக்கும் ஆயர் குரோ டவுனில் இல்லாத தையல் கடையா? ஆனாலும் பெண் கமலவேணி இருக்கும் பெம்பானுக்குத்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அந்த நம்பிக்கைதான் கமலவேணியைப் பயமுறுத்தியது.

வெள்ளி காலை தையல் முடிந்தது. கல்யாண உடுப்பென்றால் உள்மடிப்பில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுப்பாள், இருபத்திரண்டு வருடப் பழக்கம். வைத்தாள். மற்ற துணியில் கடுகளவு நிற்கும் பாழாய்ப்போன மஞ்சள், இதில் ஊறி மடிப்பைத் தாண்டி வெளியே உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது.

பதற்றத்தில் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. சிவந்தது. வாளித் தண்ணீரில் முக்கினாள், துணி அட்டைபோல விறைத்தது. பிழியப் போனாள். எங்கோ ஒரு தையல் இழை அறுந்த சத்தம் கேட்டது. ஐயோ, நாளைக்கு அந்தப் பிள்ளை எதைப் போட்டுக்கொண்டு போவாள்?

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து, வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் விழுந்த இடமாகக் கொடியை மாற்றி மாற்றிக் கட்டினாள். மத்தியானச் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்குத் துணி காய்ந்து பழையபடி குழைந்தது, கறையும் போயிருந்தது. சாமி புண்ணியம் என்று அறுந்த தையலைச் சரிசெய்து இஸ்திரி போட்டாள்.

மாலையில் வந்த திவ்யா கவுனைப் போட்டுப் பார்த்தாள், கச்சிதம். பிறகு குனிந்து, ஓரத்தைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள்.

“மஞ்சள் வைக்கலையா ஆன்ட்டி? அம்மா ப்ளவுஸ்ல எல்லாம் இருக்கும். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்.”

கமலவேணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் உள்மடிப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“பரவுனா பரவட்டும்லா. வைங்க ஆன்ட்டி.”

இந்தமுறை ஊறிப் பரவாதபடி, தண்ணீர் தொடாமல் மஞ்சளை விரல்நுனியில் எடுத்தாள் கமலவேணி. உள்மடிப்பில் கடுகளவு ஒற்றினாள்.