மூன்று துளைக்கு இரண்டு போல்ட்

லிண்ட்ஸே ட்ரெஸைஸைக் கட்டிக்கொண்டு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. என் பிறந்தநாள் ஒருமுறைகூட அவனுக்கு நினைவிருந்ததில்லை. ஆனால் எந்த வண்டியில் எந்த போல்ட் என்ன அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

எங்கள் வில்காரா செம்மண் பாலைக்கு நடுவே ஒரு சிற்றூர், மொத்தம் எண்பது பேர். அடுத்த மெக்கானிக் ஷெட் முந்நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அதனால் லிண்ட்ஸேயிடம் வருகிறவர்கள் எல்லாம் அவனை நம்பி வருகிறவர்கள் என்று சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் வருகிறவர்களும் உண்டு. இருந்தாலும் ஊரில் அவனுக்கு நல்ல பெயர். கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறவனுக்குத்தான் இந்தப் பக்கம் மரியாதை. சரியான சாமானைத் தருவித்துப் பொறுமையாக மாட்டுகிறவனைப் பற்றி பப்பில் யாரும் பேசமாட்டார்கள். என்னுடைய நல்ல நைலான் காலுறையை ஃபேன் பெல்ட்டாகக் கட்டி ஒரு லாரியை ஊர் கொண்டுவந்து சேர்த்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். காலுறை போனது எனக்குத்தான்.

குவெண்டா ஹாக்கிங் எங்கள் ஊர்த் தபால்காரி, என் சிநேகிதி. வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை, பதினொரு மாட்டுப் பண்ணைகளுக்குத் தபாலும் ரொட்டியும் மருந்தும் கொண்டுபோவாள். புருஷன் போன பிறகு அவளுக்கு வண்டியில் துணை பட்டன் என்ற சிவப்பு நாய். முன் இருக்கைக்குக் கீழே, கியர் தடியை ஒட்டி மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

அந்தப் புதன்கிழமை பிற்பகல் அவளுடைய பழைய பெட்ரோல் ஃபோர்வீல் வண்டி காது கிழியும் சத்தத்தோடு ஷெட்டுக்கு வந்தது. பாறையில் அடிபட்டு சைலன்சர் குழாய் இணைப்பில் பிய்ந்திருந்தது. குழாயின் இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒவ்வொரு முனையிலும் ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதுதான் ஃபிளாஞ்ச். நடுவில் பேக்கிங் வைத்து போல்ட் போட்டு இறுக்கினால் புகை கசியாது. அவள் வண்டியில் இருந்தது மூன்று போல்ட் ஃபிளாஞ்ச். லிண்ட்ஸேயிடம் இருந்ததோ இரண்டு போல்ட் போடுகிறது.

"நாளைக்குச் சாயங்காலம் லாரியில சரியானது வந்துடும் குவெண்டா. ஒருநாள் பொறுத்துக்கோயேன்."

"நாளைக்குக் காலையில நான் கிளம்பணும். பண்ணையில ஒரு கிழவருக்கு இன்சுலின் போகணும். ஏதாவது பண்ணித் தொலை."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். தார்ச்சாலைக்கு இரண்டு போல்ட் போதும். எங்கள் பாதை தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும். அதில் உதறி உதறி இரண்டு போல்ட் ஃபிளாஞ்ச் ஒரு பக்கமாக வாயைத் திறந்துவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தான். அளவான பேக்கிங்கும் அவனிடம் இல்லை.

சனிக்கிழமை ஊர்க் குதிரைப் பந்தயம். கமிட்டிக்காரர்கள் பந்தல் கம்பி ஏற்ற அவனுக்காகக் காத்திருந்தார்கள். நான்தான் ஷெட் வாசலில் நின்று கத்தினேன். "லிண்ட்ஸே, இன்னும் எவ்வளவு நேரம்? என்ன பெரிய ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கே? எதையாவது வச்சு மூடிட்டு வா!"

வைத்து மூடினான். இரண்டு முனையிலும் இரண்டு போல்ட் தகடு பற்றவைத்து, பீர் டின்னை வெட்டிப் பேக்கிங் செய்து, மேலே பசையைப் பூசி இறுக்கினான். பசை காய்வதற்கு இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி ஒருமுறை போல்ட்டை இறுக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. கியர் தடியைச் சுற்றியிருந்த ரப்பர் உறை கிழிந்திருந்ததையும் பார்த்திருக்கிறான். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் நல்ல காற்று. குவெண்டா எல்லோரையும் போலப் புழுதிக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் இறுக மூடிக்கொண்டு போனாள். பத்து மணிக்குத் தலைவலி. பிறகு வாந்தி. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். அவள் போகும் வழியில் இருபத்திரண்டு வேலிக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் இறங்கித் திறந்து, வண்டியை ஓட்டி, மறுபடி இறங்கி மூட வேண்டும். பதினான்காவது கதவில் இறங்கியவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பண்ணை ஆட்கள் வந்து பார்த்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. பட்டன் கியர் தடிக்குப் பக்கத்தில் படுத்தபடியே செத்துக் கிடந்தது.

சூடு தாங்காமல் போய்விட்டது என்றார்கள். அவளும் அதையே நம்பினாள்.

பண்ணைக்காரன் ஒருவன் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து விட்டான். லிண்ட்ஸே அடியில் படுத்துப் பார்த்தான். பீர் டின் பாதி எரிந்துபோய், ஃபிளாஞ்ச் வாய் திறந்து, மேலே தரைத்தகட்டில் கியர் தடி ஓட்டை வரைக்கும் கரி படிந்திருந்தது. வீட்டுக்கு வந்து தட்டைத் தொடவில்லை.

"நோரீன், புகைதான். நான்தான் கொன்னேன். அவ ஒவ்வொரு கதவுக்கும் இறங்கி இறங்கி காத்து வாங்கினதால பொழைச்சா. நாய் எங்க இறங்கும்?"

வாசலில் நின்று கத்தி அவசரப்படுத்தியது நான் என்பது எனக்கு நினைவு வந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "அவ உயிரோட இருக்கா. செத்தது நாய். வாயை மூடிக்கிட்டு வண்டியைச் சரிபண்ணு. இது வெளியில தெரிஞ்சா நாளைக்கு எவன் உன்கிட்ட வண்டி விடுவான்?"

அவன் சரிசெய்தான். லாரியில் வந்த மூன்று போல்ட் ஃபிளாஞ்சுகளைக் கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினான். சரியான பேக்கிங்கை வைத்து மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி இறுக்கினான். பின்குழாயைத் துணியால் அடைத்து, இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. ரப்பர் உறையையும் மாற்றினான். அவ்வளவு அழகான வேலையை அவன் செய்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

அந்த வேலை முடிவதற்குள்ளேயே, பட்டனைப் புதைக்கக் குழி வெட்ட அவனைத்தான் கூப்பிட்டாள் குவெண்டா. மண் கல்லாக இருந்தது. அவன் கடப்பாரையால் குத்தினான். நான் சாண்ட்விச் தட்டோடு நின்றேன். அவள் மண்டியிட்டு நாயின் காதைத் தடவி, "மன்னிச்சுக்கடா. ஜன்னலை மூடி வச்சு நானே உன்னை அவிச்சுக் கொன்னுட்டேன்டா," என்று அழுதாள். லிண்ட்ஸே கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் அவனை முறைத்துக்கொண்டே இருந்தேன், எங்கே சொல்லிவிடுவானோ என்று.

அதற்குப் பிறகு அவள் ஜன்னலை மூடவே இல்லை. ஒவ்வொரு வியாழனும் தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாகத் திரும்பி வந்தாள். பப்பில் ஒருவன், "குவெண்டா, உன் காதுல இருக்கிற மண்ணுல கேரட் விதைக்கலாம் போல இருக்கே!" என்றான். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த இருமல் நிற்கவே இல்லை. நர்ஸ் திட்டியும் கேட்கவில்லை. "மூடினா மூச்சு முட்டுது" என்பாள்.

ஏழாவது வாரம் அவள் ஷெட்டில் பெட்ரோல் போட வந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். நான் ரசீதுப் புத்தகத்தோடு நின்றிருந்தேன். லிண்ட்ஸே உள்ளே போய், கரி அப்பிய அந்தப் பழைய ஃபிளாஞ்சை எடுத்துவந்து அவள் வண்டியின் பானெட்மேல் வைத்தான்.

"ஜன்னலை மூடிக்கோ குவெண்டா. உன்மேல தப்பு இல்ல. இதுவழியா புகை உள்ள வந்திருக்கு. நான் பண்ணின வேலை."

அவள் அதைக் கையிலெடுத்து, கரியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி வந்த அன்னைக்கே."

"அப்ப குழி வெட்டறப்போ தெரியும்."

"தெரியும்."

"பட்டன் காதைப் பிடிச்சுக்கிட்டு நான் கெஞ்சினதைக் கேட்டுக்கிட்டு நின்னே." அவள் கத்தவில்லை. "அவசரத்துல தப்பு நடக்கும் லிண்ட்ஸே. அவசரப்படுத்தினது நானும்தான். அதை விட்டுடுவேன். ஆனா அப்படி நின்னே பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா நோரீன்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்குத் தெரியாது," என்றான் லிண்ட்ஸே. என்னைப் பார்க்காமலே சொன்னான்.

நான் ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

குவெண்டா இப்போது ஜன்னலை மூடித்தான் ஓட்டுகிறாள். இருமல் விட்டுவிட்டது. லிண்ட்ஸேயோடு பேசுவதில்லை. வண்டியை விடவேண்டிய நாட்களில் சாவியை என்னிடம் தருவாள். அவன் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை, என்னிடமும் முன்போல் பேசுவதில்லை. அன்று அவன் எனக்காகச் சொன்ன பொய்யை அவனும் பேச்சில் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவள் என் அடுப்படிக்கு டீ குடிக்க வருகிறாள். போன வாரமும் வந்தாள். அவளே செய்த கேக்கைக் கொண்டுவந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இப்படிப்பட்டவனோட எப்படித்தான் முப்பது வருஷம் ஓட்டினியோ! கட்டின உன்கிட்டகூட மறைச்சிருக்கான் பாரு. நீ பாவம் நோரீன்."

நான் அவளுக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினேன்.